அப்பாவின் மறதியும் ஸ்பாக்கின் கைகளும்: கோபத்தைக் கையாள நான் பழகிய வழி

போன ஆனி மாதத்தில் ஒரு நாள், இரவு இரண்டரை மணிக்கு அப்பா வாசல் கதவின் தாழ்ப்பாளோடு போராடிக்கொண்டிருந்தார். சட்டை போட்டு, பொத்தான்களை இடம் மாற்றி மாட்டி, தலை சீவி, முழுசாகத் தயாராகியிருந்தார். "சங்கு ஊதியாச்சு, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றார். அப்பாவுக்கு 82 வயது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஷெல் பிரிவில் சார்ஜ்மேனாக இருந்து 2003இல் ஓய்வு பெற்றவர். நான் தடுத்தேன், அவர் தள்ளினார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து கட்டிலில் உட்கார வைத்தேன்.

காலையில் அந்த மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் நீலமாகப் பதிந்திருந்தது. வயதானவர்களின் தோல் அவ்வளவு மெல்லியது. "இது எப்படிடா வந்துச்சு?" என்று கையை என்னிடமே நீட்டிக் கேட்டார். பதில் சொல்ல என்னால் முடியவில்லை. தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவிவிட்டேன்.

எனக்கு வில்லிவாக்கத்தில் சின்னதாக ஒரு கண்ணாடிக் கடை. கண் பரிசோதிப்பதும் லென்ஸ் அறுத்துப் பிரேமில் மாட்டுவதும் நானேதான். அன்றைக்கு ஒரு சிலிண்டர் லென்ஸை ஆக்சிஸ் மாற்றி அறுத்து வீணாக்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் லேப்டாப்பில் ஏதோ தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரான காதுகளோடு ஒரு கிழவர் இசைக் கச்சேரியில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காதுகளை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் 'ஸ்டார் டிரெக்' பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. ஸ்பாக்கின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பாத்தியா, என்ன நடந்தாலும் மூஞ்சி மாறல. அப்படி இருக்கணும்" என்றார். நாற்பது வருஷம் அதையே பிடித்துக்கொண்டு வாழ்ந்தேன். அன்றைக்கு மகளிடம் கேட்டு, முதல் பருவத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். அப்பா சொன்னது பாதிதான் என்று அதன் பிறகுதான் தெரிந்தது. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்களை நினைத்து எழுதினாலும், கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வருகிற யாருக்கும் இது உதவும்.

ஸ்பாக் யார்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இந்தத் தொடர் அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது. எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தின் அறிவியல் அதிகாரி ஸ்பாக். அப்பா சாரெக், வல்கன் கிரகத்துத் தூதர். அம்மா அமாண்டா, பூமியைச் சேர்ந்த ஆசிரியை. ஸ்பாக்காக நடித்தவர் லெனார்ட் நிமாய்.

வல்கன்களுக்கு உணர்ச்சியே கிடையாது என்று பலரும் நினைக்கிறார்கள். கதைப்படி அது தவறு. அவர்களுடைய உணர்ச்சி மனிதர்களுடையதைவிட மூர்க்கமானது. ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அழியும் நிலைக்குப் போன பிறகுதான், சூராக் என்ற ஞானியின் வழியில் தர்க்கத்தைப் பழகினார்கள். ஆக, ஸ்பாக்கின் அமைதி பயிற்சியில் வந்தது. பயிற்சியில் வந்ததை நாமும் பழகலாம். என்னை இழுத்துப் பிடித்தது இந்த ஒரு விஷயம்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும். மூஞ்சி மாறாமல் வைத்துக்கொள்வது ஒரு திறமையே இல்லை. உணர்ச்சி வந்த பிறகு அதை வெளியே காட்டாமல் அமுக்குவது பற்றி ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். அமுக்குகிறவர்களின் உள்ளே இருக்கும் வேதனை குறைவதில்லை, உடம்பின் பதற்றம்தான் கூடுகிறது. ஒரு நிகழ்ச்சியை வேறு கோணத்தில் பார்த்து அர்த்தத்தை மாற்றிக்கொள்கிறவர்களுக்கோ உள்ளேயும் தணிகிறது. நான் நாற்பது வருஷம் செய்தது முதல் வகை. பகலெல்லாம் அமுக்கி வைத்ததுதான் இரவு இரண்டரைக்கு விரல் வழியாக வெளியே வந்தது.

கையிலிருந்து ஆரம்பியுங்கள்

கோபத்தை மனசில் பிடிப்பது கடினம். கையில் பிடிப்பது சுலபம். ஸ்பாக் நிற்பதைக் கவனித்தால், பல காட்சிகளில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருப்பார். நான் முதலில் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

செய்முறை இதுதான். அப்பாவின் குரல் உயரும்போதோ என் தாடை இறுகும்போதோ, அடுத்த வார்த்தை பேசுவதற்கு முன்னால் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட வேண்டும். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறேனோ அதுதான் என் கோபத்தின் அளவு. அது எனக்கே வலிக்கிறது என்பதால் அளவு உடனே தெரிகிறது. பிறகு மூச்சு. நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். அடக்கி வைக்கத் தேவையில்லை. வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தானாகக் கொஞ்சம் தணியும். ஐந்தாறு மூச்சுக்குள் பிடி தளர்வதை விரலே சொல்லிவிடும்.

இதைக் கோபம் வரும்போது கற்றுக்கொள்ள முடியாது. அமைதியாக இருக்கும்போது பழக வேண்டும். நான் கடையில் எட்ஜிங் மெஷின் ஓடும் ஒவ்வொரு முறையும் செய்தேன். லென்ஸ் அறுபடும்வரை சும்மா நிற்கிற நேரம்தானே. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஆகிவிடும். மூன்று வாரம் கழித்து ஒரு நாள், அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டபோது, நான் யோசிப்பதற்கு முன்பே கை பின்னால் போயிருந்தது.

கையோடு சேர்த்து ஒரு சொல்லும் வேண்டும். எதிர்பாராதது நடந்தால் ஸ்பாக் ஒரு புருவத்தை உயர்த்தி, சுவாரஸ்யமானது என்ற பொருளில் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். நடந்ததை உடனே நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், கவனிக்க வேண்டியது என்று மட்டும் வைக்கிற வார்த்தை அது. நமக்கு இயல்பாக வருகிற சொல்லாக இருந்தால்தான் இது வேலை செய்யும். நான் முதலில் "ஐயோ" என்று சொல்கிற பழக்கத்தை விட்டு "ஓ, அப்படியா" என்று மாற்றினேன். "ஐயோ" என்றால் உடம்பு விபத்துக்குத் தயாராகிறது. "ஓ, அப்படியா" என்றால் காது திறக்கிறது. அப்பாவுக்கும் அது வித்தியாசமாகக் கேட்கிறது என்பதைக் கவனித்தேன். யாரோ தன் பேச்சைக் கேட்கிறார்கள் என்று நினைத்து அவரே கொஞ்சம் நிதானிக்கிறார்.

இதுவா, அதுவா, எது தெளிவாக இருக்கிறது

இந்தப் படி என் தொழிலிலிருந்து வந்தது. எனக்கு அதிகம் உதவியதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண் பரிசோதனைக்கு வருகிறவருக்கு டிரையல் பிரேம் மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, "முன்னாடி இருந்தது தெளிவா, இப்ப தெளிவா?" என்று கேட்போம். பவர் என்னவென்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. ஆனால் இரண்டில் எது தெளிவு என்று எல்லோருக்கும் சொல்லத் தெரியும். அப்படி இரண்டிரண்டாகக் கேட்டே சரியான அளவுக்கு வந்துவிடலாம். உணர்ச்சிக்கும் இதே மாதிரிதான் செய்கிறேன். "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று என்னை நானே கேட்டால் பதில் வராது. "இது கோபமா, பயமா?" என்று கேட்டால் வரும். பயம் என்று வந்தால், "பயமா, வெட்கமா?" பயமே தெளிவாக இருந்தால், "அப்பாவை நினைத்தா, என்னை நினைத்தா?" மூன்று நான்கு கேள்விக்குள் ஒரு சொல் கச்சிதமாக வந்து உட்காரும்.

அந்த ஆனி மாத இரவை இப்படிப் பின்னோக்கிச் சோதித்துப் பார்த்தேன். நான் கோபம் என்று நினைத்தது கோபமே இல்லை. கதவு திறந்தால் அவர் இருட்டில் ரோட்டுக்குப் போய்விடுவார், ரயில் பாதை பக்கம் போய்விடுவார் என்ற பயம். அதற்கும் அடியில், எத்தனை நாள் இப்படி என்ற ஆற்றாமை. கோபம் என்று பெயர் வைத்தால் அடக்கத்தான் தோன்றும். பயம் என்று பெயர் வைத்ததும் மறுநாளே கதவின் மேல்பக்கம், அவர் பார்வை படாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன். சரியான பெயர் கிடைத்தால் செய்ய வேண்டிய வேலையும் கூடவே கிடைத்துவிடுகிறது.

உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் வைக்கும்போது மூளையில் அச்சத்தோடு சேர்ந்த அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைகிறது என்று மேத்யூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம்மிடம் இதற்குச் சொல் பஞ்சம் இல்லை. எரிச்சல், அலுப்பு, ஆதங்கம், அவமானம், ஆற்றாமை, மனத்தாங்கல் எல்லாம் வேறு வேறு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் அசைவு என்பதற்கு, முன்பிருந்த நிலை கெட்டு வேறு மாதிரி ஆகி வருந்துவது என்று உரை சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வார்த்தை. மீட்டர் கணக்கில் இரும்புத் தகட்டைக் கண்ணாலேயே அளக்கத் தெரிந்த மனிதர், சட்டைப் பொத்தானோடு தடுமாறுவதைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. என் நோட்டில் பல நாட்களில் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது: அசைவு.

நடந்தது எது, நான் சேர்த்தது எது

பெயர் வைத்தபின் சரிபார்க்க வேண்டும். ஸ்பாக் ஒரு பிரச்சினையில் முதலில் தகவலைக் கேட்பார். தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரிப்பார். ஆல்பர்ட் எல்லிஸ், ஆரோன் பெக் போன்றவர்கள் உருவாக்கிய சிகிச்சை முறைகளிலும் இந்தப் பிரிப்புதான் அடிப்படை.

ஒரு நாள் அப்பா என் முகத்துக்கு நேராக, "என் பணத்தைத் திருடிட்ட" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். எனக்குக் காது சுட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். நடந்தது: பர்ஸை வைத்த இடம் அவருக்கு நினைவில் இல்லை. நான் சேர்த்தது: பெற்ற அப்பாவே என்னைத் திருடன் என்று நினைக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் நம்பிவிடுவார். அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸ் பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது. புதிய நினைவு பதிவதற்கு அந்தப் பகுதி வேண்டும். பர்ஸை அலமாரியில் வைத்தது பதியவே இல்லை. பதியாத இடத்தை மூளை ஏதாவது ஒரு கதையால் நிரப்புகிறது. "யாரோ எடுத்துட்டாங்க" என்பது அந்தக் கதை. யாரோ என்ற இடத்தில் பக்கத்தில் நிற்கிற நான் வந்து விழுகிறேன். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சங்கு மட்டும் பத்திரமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

தகவலில் இன்னொன்றும் உண்டு. மறதி நோய் உள்ளவர் ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் அதை நோயின் போக்கு என்று விட்டுவிடாதீர்கள். போன தையில் அப்பா மூன்று நாள் இரவும் பகலும் கத்தினார், யாரையோ சுவரில் பார்த்தார். டாக்டர் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்தார். அந்த மூன்று நாளில் அவர்மேல் நான் பட்ட கோபத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஸ்பாக் தோற்ற இடம்

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் ஸ்பாக்கே காட்டுகிறார். 1967 தொடக்கத்தில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் கலிலியோ என்ற சிறிய கலம் ஒரு கிரகத்தில் விழுந்துவிடுகிறது. தலைமை ஸ்பாக்கிடம். அங்கே இருக்கிற ராட்சத உருவங்களுக்கு நம் பலத்தைக் காட்டினால் பயந்து போய்விடும் என்று தர்க்கப்படி முடிவெடுக்கிறார். அவையோ ஆத்திரப்பட்டுத் திரும்பத் தாக்குகின்றன. கூட இருப்பவர்களின் துக்கத்தையும் அவரால் சரியாக எதிர்கொள்ள முடியவில்லை. கடைசியில் மிச்சமிருந்த எரிபொருளையெல்லாம் வெளியே விட்டுப் பற்றவைத்து, தீப்பந்தம்போல் காட்டித்தான் தப்பிக்கிறார். கணக்கில் வராத ஒரு செயல்.

ஆரம்ப மாதங்களில் நானும் அப்பாவிடம் அந்த முதல் பாதி ஸ்பாக்காகத்தான் இருந்தேன். "அப்பா, நீங்க 2003லயே ரிடயர் ஆயிட்டீங்க. இது ராத்திரி. இன்னைக்கு ஷிப்ட் எதுவும் கிடையாது." ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஒவ்வொன்றும் அவரை இன்னும் மிரட்டியது. தனக்குத் தெரிந்த உலகத்தையே ஒருவன் இல்லை என்கிறானே என்ற மிரட்சி அது. தர்க்கம் நம்முடைய மனசுக்குள் ஓட வேண்டிய கருவி. அதை எடுத்து நோயாளியின்மேல் வைக்கக் கூடாது. இப்போது இப்படிப் பேசுகிறேன்: "சங்கு ஊதிடுச்சா? சரி, டீ சாப்பிட்டுப் போலாம்ப்பா. இன்னைக்கு எந்த கோச்சு வேலை?" அவர் கோச்சு பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். டீ ஆறும்போது ஷிப்டும் ஆறிவிடும். பொய் சொல்கிறோமே என்று முதலில் உறுத்தியது. அவர் கேட்பது வருஷக் கணக்கை இல்லை, தான் இன்னும் தேவைப்படுகிற ஆள்தானா என்பதை. அதற்கு நான் சொல்லும் பதில் பொய் இல்லை.

அழுவதற்கு ஓர் அறை

முதல் பருவத்தின் தொடக்கத்திலேயே, 1966இல், ஸ்பாக் உடைந்து அழுகிற காட்சி வந்துவிடுகிறது. கட்டுப்பாட்டைக் கரைக்கும் ஒரு தொற்று கலத்தில் பரவுகிறது. ஸ்பாக்குக்கும் தொற்றுகிறது. ஆளில்லாத அறைக்குள் போய், கதவு மூடியதும், எண்களைச் சொல்லித் தன்னைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார். முடியாமல் அழுகிறார். அம்மாவிடம் அன்பாக இருக்கிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை என்பதுதான் அவருடைய துக்கம். எல்லோரும் நடமாடும் தாழ்வாரத்தில் அழுவதாக இருந்த காட்சியைத் தனி அறைக்கு மாற்றச் சொன்னவர் நிமாய்தான். அழுகையை எடுத்துவிடச் சொல்லவில்லை. இடத்தை மாற்றினார்.

நீங்களும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். எனக்குக் கடையின் பின்னறை. இரவு என்றால் மொட்டை மாடிப் படியின் மூன்றாவது திருப்பம். மனைவிக்குத் தெரியும், "மாடிக்குப் போறேன்" என்று சொன்னால் பத்து நிமிஷம் அப்பாவை அவள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். காரணம் கேட்க மாட்டாள். அவள் சொன்னால் நானும் கேட்க மாட்டேன். அழுகை வரவில்லை என்றால் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன், ஏனென்றால் கீழே அவளும் சோர்ந்தவள்தான்.

அந்த அறை தேவையே இல்லை, உணர்ச்சியை ஒரேயடியாக வேரோடு பிடுங்கிவிடலாம் என்று தோன்றும் நாட்கள் வரும். ஸ்பாக்கும் அதை முயன்றார். 1979இல் வந்த முதல் திரைப்படத்தின் தொடக்கத்தில், எல்லா உணர்ச்சியையும் துறக்கும் கோலினார் என்ற சடங்கின் கடைசிப் படியில் நின்று, முடிக்க முடியாமல் திரும்புகிறார். பிறகு வீஜர் என்ற மாபெரும் இயந்திர அறிவின் மனதைத் தொட்டுப் பார்க்கிறார். அதற்கு எல்லாம் தெரியும், ஆனால் வெறுமையாக இருக்கிறது. திரும்பி வந்து படுக்கையில் கிடந்தபடி நண்பர் கிர்க்கின் கையைப் பிடித்துக்கொள்கிறார். இந்த எளிய உணர்வுதான் அதற்குப் புரியவில்லை என்கிறார். நடித்தவரின் வாழ்க்கையும் இதோடு சேர்ந்ததுதான். அந்தத் தொடரில் நடித்த வருஷங்களில் மதுப் பழக்கத்துக்கு அடிமையானதையும் பின்னால் அதிலிருந்து மீண்டதையும் நிமாய் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். என் தெருவிலேயே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேர் அந்த வழியில் போவதைப் பார்க்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அறை இல்லை.

சுமையைக் கைமாற்றுவது

மகள் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிழவர் சாரெக், ஸ்பாக்கின் அப்பா. பழைய தொடருக்குப் பின்னால் எடுத்த இன்னொரு 'ஸ்டார் டிரெக்' தொடரில் 1990இல் வந்த அத்தியாயம் அது. 200 வயதைத் தாண்டிய சாரெக்குக்கு பெண்டை என்ற நோய். வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காத்த கட்டுப்பாடு கரைகிறது. வல்கன்களுக்கு மனதால் மனதைத் தொடும் சக்தி இருப்பதால் அவருடைய கொந்தளிப்பு கலத்தில் உள்ளவர்களுக்கும் பரவுகிறது. காரணம் தெரியாமல் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எங்கள் வீடு இதுதான் என்று நினைத்தேன். அப்பா தூங்காத இரவுக்கு மறுநாள் மனைவியும் மகளும் சட்னிக்கு உப்பு போட்டதற்குச் சண்டை போடுவார்கள். இப்போது அப்படி ஒரு நாள் வந்தால், "இது அப்பாவோட ராத்திரி" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். சொன்னதும் குரல் இறங்கிவிடுகிறது.

அந்த அத்தியாயத்தில் கலத்தின் கேப்டன் பிக்கார்ட், சாரெக்கின் மனதோடு தன் மனதைச் சேர்த்து, அவருடைய உணர்ச்சிகளைச் சில மணி நேரம் தான் சுமக்கிறார். சாரெக் தன் கடைசிப் பணியைக் கௌரவமாக முடிக்கிறார். அதே நேரத்தில் பிக்கார்ட் தன் அறையில் கதறுகிறார். டாக்டர் பெவர்லி பக்கத்திலேயே இருந்து அவரைத் தாங்கிக்கொள்கிறார். நோயாளியைத் தாங்க ஒருவர், தாங்குகிறவரைத் தாங்க இன்னொருவர். இந்தச் சங்கிலி இல்லாத வீட்டில் மேலே சொன்ன எதுவும் ரொம்ப நாள் ஓடாது.

எனக்கு அந்த இன்னொருவர் என் அக்கா. ஆம்பூரில் இருக்கிறாள். தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்வேன். முதலில் அவள் ஆலோசனை சொல்லிக்கொண்டே இருந்தாள்: இந்த லேகியம் கொடு, அந்தக் கோயிலுக்குப் போ. ஒரு நாள் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன்: "அக்கா, பத்து நிமிஷம் கேட்டா போதும். ஒண்ணும் சொல்ல வேணாம்." இப்போது "ம்" மட்டும் கொட்டுகிறாள். மாதத்தில் நான்கு நாள் அவளே வந்து தங்கி அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். அப்படிக் கேட்பதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆனது. நீங்கள் அவ்வளவு காத்திருக்காதீர்கள். யாருமே இல்லை என்றால், அல்லது கை மீண்டும் மீறிவிட்டது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது என்றால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

ராத்திரிக் கேள்வி

1986இல் வந்த நான்காவது படத்தில், இறந்து உயிர்த்தெழுந்த ஸ்பாக்கின் நினைவாற்றலை ஒரு கணினி சோதிக்கிறது. கடினமான கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்கிறவர், "எப்படி உணர்கிறாய்?" என்ற கேள்வியில் நின்றுவிடுகிறார். கேள்வியே புரியவில்லை என்கிறார். படத்தின் முடிவில் அப்பா சாரெக்கிடம், அம்மாவுக்கு ஒரு சேதி சொல்லச் சொல்கிறார்: நான் நலமாக உணர்கிறேன் என்று. ஒரு கேள்விக்கு விடை சொல்ல அவருக்கு ஒரு முழுப் படம் தேவைப்பட்டது.

கடையின் ஆர்டர் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களை இதற்கு ஒதுக்கியிருக்கிறேன். கடை சாத்துவதற்கு முன் தேதி போட்டு, இரண்டு வரி. "இன்று எப்படி?" என்ற கேள்விக்கு டிரையல் பிரேம் முறையில் கிடைத்த ஒரு சொல், அது எப்போது வந்தது என்பது, அவ்வளவுதான். நான்கு மாதப் பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. என் மோசமான நாட்களில் பெரும்பாலானவை நான் மத்தியானம் சாப்பிடாமல் விட்ட நாட்கள். இப்போது இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடுகிறேன்.

அந்தக் கதையில் என்னை விடாத ஒரு காட்சி 1991இல் வருகிறது. சாரெக் இறந்துவிட்டார். ஸ்பாக்கும் அவரும் ஒரு காலத்தில் 18 வருஷம் அப்பா மகனாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள். வல்கன் அறிவியல் கழகத்தில் சேராமல் மகன் விண்கடற்படைக்குப் போனதுதான் காரணம். அப்பாவின் மனதை மகன் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. சாரெக் தன்னோடு பகிர்ந்தது இன்னும் தனக்குள் இருக்கிறது என்று பிக்கார்ட் சொல்ல, ஸ்பாக் கையை நீட்டி அவர் முகத்தைத் தொட்டு, அதன் வழியாக அப்பாவைத் தேடுகிறார். என் அப்பா இருக்கிறார். நான் தொடலாம்.

போன வெள்ளிக்கிழமை இரண்டேமுக்காலுக்கு மறுபடி எழுந்துவிட்டார். தாழ்ப்பாள் திறக்கவில்லை என்று திரும்பிப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "யாருடா, இன்ஸ்பெக்ஷனா?" என்றார். "ஆமாப்பா, வாங்க" என்றேன். சார்ஜ்மேனாக இருந்தபோது ஷாப்பில் நடப்பதுபோல் அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஹாலிலிருந்து அடுப்படி வரைக்கும், அடுப்படியிலிருந்து ஹால் வரைக்கும் நடந்தோம். நாலாவது சுற்றில் பிரிட்ஜைத் தட்டிப் பார்த்து, "வெல்டிங் நல்லா இருக்கு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில்வரை வந்தார்.